பீதிக்குப் போலீஸ் வேண்டாம்

பதற்றம் என்று எழுத வேண்டுமானால் அந்த இடத்தில் போலீஸ்காரர் ஒருவராவது நின்றிருக்க வேண்டும் என்பது என் மைத்துனர் கடைசிவரை கைவிடாத கொள்கை. பஞ்சாயத்துக் கூட்டத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு யாராவது எழுந்து போனால் அது சலசலப்பு. பேருந்து நிலையத்தில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் பரபரப்பு. அதை விலக்கப் போலீஸ் வந்துவிட்டால் பதற்றம். இவை எல்லாவற்றுக்கும் மேலே, தனி உயரத்தில், பீதி இருந்தது.

"பீதிக்குப் போலீஸ் வேணாம் மாமா. ஜனங்க இருந்தா போதும்," என்பார்.

"எத்தனை ஜனங்க?"

"ஒருத்தர் இருந்தாக்கூட போதும். பொதுமக்கள்னு போட்டுக்கலாம்."

அவர் என் மனைவியின் தம்பி. கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சாரியில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அன்னம் நீந்தும் குளமும், எந்த வீட்டுக்கும் போய்ச் சேராத ஒரு படிக்கட்டும் தீட்டிய திரை அங்கே தொங்கியது. எண்பதுகளில் அந்த வட்டாரத்தில் கல்யாணமான பாதிப் பேர் அந்தப் படிக்கட்டின் முன் நின்றவர்கள்தாம். ஸ்டூடியோ அவருடைய பிழைப்பு. அதே கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கினால் அவர் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். எழுதியதையும் படத்தையும் ஒரு கவரில் போட்டு மாலைப் பேருந்தின் நடத்துநரிடம் கொடுத்தனுப்புவார். மறுநாள் காலை அது அச்சாகித் திரும்பி வரும். போன கவரும் வந்த செய்தியும் ஒன்றுபோல் இருந்ததை நான் அதிகம் கண்டதில்லை.

நான் அப்போது வெளியூர்க் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தால் பகல் பொழுதை அந்த மாடியில் கழிப்பேன். மைத்துனரைக் கேலி செய்வது உறவு எனக்கு அளித்த உரிமை. எதற்கும் சான்று கேட்பது தொழில் அளித்த வழக்கம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து அவர் மீது செலுத்தி வந்தேன். அவர் அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார். திருத்திக்கொள்ள மாட்டார்.

அவர் யாரைப் பேட்டி கண்டாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பயமா இருந்துச்சா? பயமில்லாத இடத்தில் செய்தியில்லை என்று அவருடைய பத்திரிகை அவரைப் பழக்கியிருந்தது. ஏரி நிரம்பியது, மகசூல் நன்றாயிருக்கிறது என்றெல்லாம் எழுதி அனுப்பினால், அது நடத்துநரின் பையிலேயே தங்கிவிட்டதோ என்று ஐயுறும்படி மறைந்துபோகும். ஏரி உடையலாம் என்று எழுதினால் கட்டம் கட்டி அச்சாகி வரும்.

ஒருமுறை களமருதூர்ப் பக்கம் நெல் அறுக்கும்போது வயலில் ஒரு மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது. தகவல் வந்ததும் அவர் புறப்பட்டார், நானும் போனேன். வரப்பில் நின்றபடி, அரிவாளும் கையுமாக இருந்த ஒரு பெண்ணிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பாம்பைப் பாத்ததும் பயமா இருந்துச்சாம்மா?"

"எனக்கு இன்னாத்துக்குப் பயம்? அதுதான் எங்களப் பாத்து பயந்து சுருண்டுக்கினு கெடக்குது, பாவம்."

"கொஞ்சங்கூட பயம் இல்லியா?"

"மேஸ்திரியப் பாத்தாதாங்க பயம். பேசிக்கினு நின்னா திட்டுவாரு. தள்ளுங்க."

மறுநாள் பத்திரிகையில், வயலில் மலைப்பாம்பு, பெண் தொழிலாளர்கள் பீதி என்று வந்தது. அடுத்த சந்தை நாளில் அந்தப் பெண் மாடியேறி வந்துவிட்டார்.

"நான் எப்பங்க பயந்தேன்? ஊரே சிரிக்குது. எங்க வூட்டுக்காரரு என்னைப் பயந்தாங்கொள்ளின்றாரு. வூட்ல எலி வந்தா கட்டில் மேல ஏறி நிக்கறது அந்த ஆளு."

என் மைத்துனர் வாதாடவில்லை. அவரைப் படிக்கட்டின் முன் நாற்காலியில் உட்காரவைத்து, மோவாயைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லி, ஒரு படம் எடுத்துக் கொடுத்து அனுப்பினார். அந்தப் படத்தில் அவர் மலைப்பாம்பை மட்டுமல்ல, மேஸ்திரியையும் பொருட்படுத்தாதவராக வீற்றிருந்தார். அது அச்சில் வராத மறுப்புச் செய்தி என்று நான் சொன்னேன்.

ஸ்டூடியோவுக்குள் அவர் குரல் வேறு. கல்யாணத்துக்கு முன்பே சண்டை போட்டுக்கொண்ட மாப்பிள்ளை பெண்ணாக இருந்தாலும், பாகப் பிரிவினைக்கு முதல் நாள் வந்த அண்ணன் தம்பியாக இருந்தாலும், கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் சொல்வதைக் கேட்பார்கள். இந்தப் பக்கம் பாருங்க. தோளை இறக்குங்க. கொஞ்சம் சிரிங்க. உலகத்தில் யார் சொன்னாலும் கேட்காதவர்கள் போட்டோ எடுப்பவர் சொன்னால் கேட்கிறார்கள் என்பதை நான் அங்கேதான் கண்டேன். வகுப்பறையில் எனக்கு அது வாய்த்ததில்லை.

வெளியே அதே வாய் நேர்மாறாகப் பேசும். பெண்ணையாற்றில் தண்ணீர் ஏறிய ஓர் ஆண்டு, மணலூர்பேட்டைக் கரையில் நின்றிருந்தவர்களைப் படமெடுக்கப் போனார். கேமராவைக் கண்டதும் அத்தனை பேரும் பல்லைக் காட்டினார்கள். ஒருவர் தலையைக்கூடச் சீவிக்கொண்டார்.

"சிரிக்காதீங்க. வெள்ளம் வந்திருக்கு, எப்படி இருக்கணும்?"

"எப்படி இருக்கணுங்க?"

"பயந்த மாதிரி இருக்கணும்."

"பயந்தா வூட்ல இல்ல இருப்போம். இங்க எதுக்கு வந்து நிக்கிறோம்?" என்றார் ஒரு பெரியவர்.

சுற்றி நின்றவர்கள் இன்னும் சிரித்தார்கள். கடைசியில் அவர்களைத் திரும்பி ஆற்றைப் பார்த்தபடி நிற்கச் சொல்லி முதுகுகளை எடுத்துக்கொண்டு வந்தார். கரையோர மக்கள் பீதி என்பதற்குக் கீழே அந்த முதுகுகள் அச்சாயின. முதுகில் பீதி இருந்ததா இல்லையா என்று எந்த வரலாற்றாசிரியனாலும் சொல்ல முடியாது.

இவற்றையெல்லாம் அவருடைய தந்திரம் என்று நான் எண்ணியிருந்தால் கேலி அத்துடன் நின்றிருக்கும். வேடிக்கை என்னவென்றால், எழுதும்போது பயப்படாத அந்த மனிதர், அதை அச்சில் கண்டவுடன் உண்மையாகவே பயந்தார். தியாகதுருகம் கோட்டை மலையில் கால்தடம் ஒன்றைக் கண்டு யாரோ சொன்னதை வைத்து, அதைப் படமும் எடுத்து, சிறுத்தையா என்று ஐயமாக எழுதி அனுப்பினார். சிறுத்தை என்றே வந்துவிட்டது. அன்று காலை பத்திரிகையைக் கையில் பிடித்தபடி எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"அக்கா, நாலு நாளைக்கு சாயங்காலம் அந்தப் பக்கம் போவாத."

"ஏன்டா?"

"சிறுத்தை நடமாட்டமாம். பேப்பர்ல போட்டிருக்கான்."

"போட்டது நீதானேடா."

"நான் சந்தேகமாத்தான் எழுதினேன். அவங்க அதை எடுத்துட்டு உறுதியாப் போட்டிருக்காங்கன்னா, அவங்களுக்கு இன்னாவோ தகவல் வந்திருக்குமில்ல?"

என் மனைவி அவர் கையிலிருந்த பத்திரிகையை வாங்கிப் படத்தைப் பார்த்தாள். "நம்ம தெரு நாய் காலு மாதிரி இருக்குது," என்றாள். அவர் சமாதானமாகவில்லை. அந்த வாரம் முழுவதும் பொழுது சாயுமுன் ஸ்டூடியோவைப் பூட்டினார். தன் கையால் அனுப்பிய நாய் ஒன்று ஓர் இரவில் சிறுத்தையாகித் தன்னையே துரத்துவதை இவ்வளவு நம்பிக்கையுடன் ஏற்றுக்கொண்டவரை அதன்பின் நான் சந்தித்ததில்லை. தியாகதுருகத்தில் பால் ஊற்றுகிறவர் கொஞ்ச காலம் கம்புடன் வந்தார் என்றும் கேள்விப்பட்டோம்.

இந்தக் கேலிகளுக்குள் வராத ஒரு பகல் உண்டு. அதைச் சொல்வதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பக்கம் முன்பின் தெரியாத ஒருவர் பையுடன் சுற்றியதாகத் தகவல் வந்து, பள்ளி அருகே மர்ம நபர், குழந்தை கடத்தும் கும்பலா, பொதுமக்கள் பீதி என்று என் மைத்துனர் எழுதியிருந்தார். உண்மையில் அந்த மர்ம நபர், ஒரு கல்யாணத்துக்காகப் பெண் வீட்டாரைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்துப் போக வந்த மாப்பிள்ளையின் சிற்றப்பா. மர்மமாக இருப்பதுதானே அந்த வேலைக்கு அழகு. இது பின்னால் எங்களுக்குத் தெரியவந்தது. கல்யாணமும் நடந்தது. ஆனால் செய்தி அதற்குள் ஊருக்குப் போய்விட்டது.

சில நாட்கள் கழிந்து ஒரு முற்பகலில் நான் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தபோது, அந்த ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது, முகத்தில் ஒரு பெருமையும் இருந்தது.

"அண்ணே, ஒருத்தனைப் புடிச்சிட்டோம். நீங்க எழுதினீங்களே, அந்தப் புள்ள புடிக்கிறவன். தலைவரு உங்கள கையோட இட்டுக்கினு வரச் சொன்னாரு."

"போலீசுக்குச் சொன்னீங்களா?"

"போலீசு வந்தா எங்க அடிக்க வுடும்? நீங்க வந்து போட்டோ புடிச்சப்புறம்தான் அடிக்கணும்னு வெச்சிருக்கோம்."

"அது ஏன்?"

"அடிச்சப்புறம் மூஞ்சி தெரியாதுல்ல அண்ணே."

என் மைத்துனர் கேமராவை எடுத்தார். கீழே மருந்துக்கடையில் போன் இருந்தது. காவல் நிலையத்துக்குச் சொல்லும்படி கடைக்காரரிடம் தணிந்த குரலில் கூறிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். கரும்பு ஏற்றிய டிராக்டர்களைத் தாண்டித் தாண்டிப் போனோம். மலை எங்கள் முன்னே பெரிதாகிக்கொண்டு வந்தது. வழியில் அவர் ஒரே ஒரு முறைதான் பேசினார்.

"மாமா, அந்தச் செய்தியில கும்பல்னு நான் எழுதினேனா, அவங்க போட்டாங்களா?"

"நீங்கள்தான் எழுதினீர்கள். என்னிடம் படித்துக் காட்டினீர்கள்."

அவர் ஸ்கூட்டரை இன்னும் விரட்டினார்.

ஊரின் நடுவில் பால் சங்கக் கட்டடம். அதன் வாசலில் இருந்த மின்கம்பத்தில் ஒருவரைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். நடுவயதுக்காரர். சட்டையின் ஒரு தோள் கிழிந்து தொங்கியது. காலடியில் ஒரு பெரிய மூட்டை அவிழ்ந்து, கம்பளிகள் மண்ணில் சிதறிக் கிடந்தன. குளிர்காலத்தில் மலை ஊர்களுக்குக் கம்பளி விற்க வடக்கிலிருந்து வருவார்களே, அவர்களில் ஒருவர் என்பது எனக்கும் தெரிந்தது, என் மைத்துனருக்கும் தெரிந்தது. சுற்றி நின்றவர்களின் கைகளில் கடப்பாரையும் கரும்பும் உலக்கையும் இருந்தன. பெண்கள் பிள்ளைகளை இடுப்போடு இறுக்கிப் பிடித்திருந்தார்கள். பால் சங்கச் சுவரில் ஒரு பத்திரிகைத் துண்டு சோற்றுப் பருக்கையால் ஒட்டப்பட்டிருந்தது. அது அவர் எழுதிய செய்தி.

ஊர்த் தலைவர் முன்னால் வந்தார். "வாங்க, வாங்க. எழுதினது நீங்க. புடிச்சது நாங்க."

"இவரு யாருன்னு கேட்டீங்களா?"

"கேட்டோம். இன்னாவோ பேசறான். தமிழ் தெரியாத மாதிரி நடிக்கறான்."

"எம் புள்ளைக்கு பிஸ்கோத்து குடுத்தாங்க," என்றார் ஒரு பெண். "சும்மா எவன் பிஸ்கோத்து குடுப்பான்?"

"மூட்டையில இன்னா இருந்துச்சு?"

"கம்பளிங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. ஆனா கம்பளியில சுத்திட்டா புள்ள சத்தம் வெளிய கேக்காதுல்ல," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"இவரு கம்பளி விக்க வந்தவரு," என்று என் மைத்துனர் மெதுவாகத் தொடங்கினார்.

தலைவர் சுவரைக் காட்டினார். "அப்ப நீங்க எழுதினது பொய்யா?"

ஆம் என்றால் அவர்களுடைய பல நாள் பயத்தை ஒரு சொல்லில் அவமதித்ததாகும். கோபம் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. இல்லை என்றால் கம்பத்தில் இருப்பவர் பிழைக்க மாட்டார். படித்தவன் என்ற முறையில் நான் குறுக்கிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "கொஞ்சம் பொறுங்கள், இதை நிதானமாக" என்று இரண்டடி முன்னால் வைத்தேன்.

"நீங்க யாரு?" என்றார் உலக்கை வைத்திருந்தவர். "நீங்களும் வெளியூரா?"

என் பட்டங்கள் எதுவும் அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. அந்த இரண்டடியையும் பின்னால் எடுத்து வைத்தேன்.

என் மைத்துனர் கேமராவின் தோல் உறையைத் திறந்தார். கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்தார். பிறகு பேசியபோது அது நிருபரின் குரலாக இல்லை.

"சரி, படம் எடுத்துடலாம். ஆனா கம்பத்துல வெச்சு எடுத்தா வெயில் எதுக்கால அடிக்குது. எல்லார் மூஞ்சியும் கருப்பா வுழும். அவர அவுத்து இந்தப் பக்கம் கொண்டாங்க."

"ஓடிட்டா?"

"இத்தினி பேரு சுத்தி நிக்கப் போறீங்க, எங்க ஓடுவாரு? தலைவரே, பேப்பர்ல புடிச்சவங்க எல்லாரும் வரணுமா, வாணாமா?"

வர வேண்டும் என்பதில் தலைவருக்கு இரண்டாவது கருத்து இல்லை. கயிறு அவிழ்ந்தது.

"நாற்காலி கொண்டாங்க. உயரமா இருக்கறவங்க பின்னாடி. கையில இருக்கறத அந்தாண்ட வெச்சிடுங்க, பின்னாடி நிக்கிறவங்க மூஞ்சிய மறைக்குது. கடப்பாரை, அண்ணே, உங்களத்தான். அக்கா, புள்ளைய முன்னாடி வுடுங்க. இவரு சட்டை கிழிஞ்சிருக்கு, படத்துல நல்லா இருக்காது. அந்தக் கம்பளி ஒண்ணு எடுத்துப் போத்துங்க. மண்ணு இல்லாததா பாத்து."

இரண்டு பேர் பால் சங்கத்துக்குள் போய் நாற்காலிகளைக் கொண்டுவந்தார்கள். பெண்களில் சிலர் தலை வாரிக்கொண்டு வர வீட்டுக்கு ஓடினார்கள். உலக்கைக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பினார். பிடிபட்டவர் நடுவில் உட்கார வேண்டும் என்று முடிவானதும் அவருக்குப் பக்கத்து நாற்காலி யாருக்கு என்பதில் சலசலப்பு எழுந்தது. முதலில் பார்த்தவர் தாம் என்றார் ஒருவர். முதலில் கட்டியவர் தாம் என்றார் இன்னொருவர். ஒருவரை வலப்பக்கமும் மற்றவரை இடப்பக்கமும் உட்காரவைத்து என் மைத்துனர் அதைத் தீர்த்தார். கம்பளிக்காரர் நடுவில், தோளில் புதுக் கம்பளியுடன், உள்ளங்கைகளை முழங்கால்களில் பதித்தபடி இருந்தார். அவர் நடுங்குவது கம்பளியின் ஓரத்தில் தெரிந்தது.

என் மைத்துனர் குனிந்து கேமராவில் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இந்தப் பக்கம் பாருங்க. தோளை இறக்குங்க. கொஞ்சம் சிரிங்க."

அவர்கள் சிரித்தார்கள். ஊரே சிரித்தது. தன் வாயோரங்களை இரண்டு விரலால் விரித்து அவர் சைகை காட்டியதும், நடுவிலிருந்தவரும் என்னவென்று புரிந்துகொண்டு, உதடு வெடித்திருந்த வாயால் சிரித்தார். அதைக் கண்டு பிஸ்கோத்து வாங்கிய பிள்ளை சத்தமாகச் சிரித்தது.

பிறகு பெயர்கள். இடமிருந்து வலமாக ஒவ்வொருவரையும், தகப்பனார் பெயருடன், நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நடுவில் வந்தபோது அவரிடமும் கேட்டார். அவர் மார்பைத் தொட்டுத் தன் பெயரைச் சொன்னார். அது வாய்க்குள் வராமல் ஊரார் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார்கள். பெயர் தெரிந்துவிட்ட ஒருவரை மர்ம நபராக வைத்திருப்பது எளிதன்று. தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டபோது கம்பளிக்காரரின் கையில் பால் சங்கத்துத் தேநீர் இருந்தது. போலீஸ் வந்து நின்றது. பதற்றம் என்று எழுத அங்கே ஒன்றும் இல்லை. என் மைத்துனரின் கொள்கை பொய்த்ததை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

திரும்பும் வழியில் ஒரு மதகின் அருகே ஸ்கூட்டரை நிறுத்தினார். வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டு மதகுச் சுவரில் உட்கார்ந்தார்.

"மாமா, உங்களுக்குப் பயமா இருந்துச்சா?"

"இருந்தது."

"சரி," என்றார். வழக்கம்போல் குறித்துக்கொள்ளவில்லை. நான் அவரைத் திருப்பிக் கேட்கவில்லை.

அன்று மாலை அவர் கவரில் வைத்தனுப்பிய செய்தியை நான் படித்தேன். திருத்த ஒன்றுமில்லாத செய்தி. கம்பளி வியாபாரியை ஊரார் தவறாக எண்ணியதையும், பிறகு தேநீர் கொடுத்து அனுப்பியதையும் எழுதியிருந்தார். பீதி என்ற சொல் அதில் இல்லை. மறுநாள் வெளிவந்ததில் தேநீர் இல்லை. குழந்தை கடத்த வந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட வாலிபரைப் பொதுமக்கள் பிடித்து ஒப்படைத்தனர், அப்பகுதியில் பீதி நிலவுகிறது என்று சில வரிகள். படம் வரவில்லை. மருந்துக்கடைப் போனில் அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர்கள் சொன்ன பதிலைப் பிற்காலத்தில் அவரே நடித்துக் காட்டுவார்.

"பீதின்னு தலைப்பு போட்டிருக்குது. படத்துல அத்தினி பேரும் பல்லைக் காட்டிக்கினு இருக்காங்க. எப்படிய்யா போடறது?"

கம்பளிக்காரர் அன்று மாலையே விடுவிக்கப்பட்டு சேலம் பேருந்தில் ஏறினார். என் மைத்துனர் போய் ஏற்றிவிட்டு வந்தார். ஊர்க்காரர்களிடமிருந்து மட்டும் அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. சந்தைக்கு வரும்போதெல்லாம் யாராவது மாடியேறி, "எங்க போட்டோ எங்க?" என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வரும் என்றார். பொங்கல் மலரில் வரும் என்றார். கடைசியில் பெரிதாகப் பிரதி எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு, இதை வைத்துக்கொள்ளுங்கள், பேப்பரில் வரும்போது சொல்லி அனுப்புகிறேன் என்று கொடுத்துவிட்டார். அதன்பின் அந்த ஊர்த் திருவிழா அழைப்புகளையெல்லாம் வயிற்று வலியின் பெயரால் தவிர்த்தார். "ஒரு ஊரே தேடுது. மர்ம நபர் இப்ப நீதான்டா," என்பாள் அவர் அக்கா. மர்ம நபர் என்று அவர் அதற்குப்பின் எழுதியதில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் என்று எழுதுவார், அவர்கள் மாற்றிக்கொள்வார்கள். மற்றபடி சிறுத்தைகளும் மலைப்பாம்புகளும் குறையவில்லை.

சென்ற மாசியில் அவர் போய்விட்டார். அவருடைய பத்திரிகை செய்தி வெளியிட்டது. முன்னாள் நிருபர் மறைவு, நண்பர்கள் அதிர்ச்சி என்று இருந்தது. அதிர்ச்சி அவருடைய வரிசையில் எந்த இடத்தில் வரும், பதற்றத்துக்கு மேலா கீழா என்று கேட்க எண்ணினேன். யாரிடம் கேட்பது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

காரியம் முடிந்த அடுத்த வாரம் என் மனைவி அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். பேருந்தில் போனோம். பால் சங்கத்துக்குப் புதுக் கட்டடம் வந்திருந்தது. படம் உள்ளே, சாமி படங்களுக்குப் பக்கத்தில், நல்ல இடத்தில் மாட்டப்பட்டிருந்தது. பொறுப்பில் இருந்தவர் அந்தக் காலத்துத் தலைவரின் மகன். நாங்கள் நின்று பார்ப்பதைக் கண்டு அருகில் வந்தார்.

"எங்கப்பா காலத்துல எடுத்ததுங்க. நடுவுல சால்வை போத்திக்கினு ஒக்காந்திருக்காரு பாருங்க, அவரு வடக்கத்தி ஆபீசரு. பெரிய ஆளாம். நம்ம ஊரைப் பாக்கன்னே வந்தாராம். இந்தப் பக்கம் ரெண்டாவதா எங்கப்பா."

நான் வாயைத் திறந்தேன். என் மனைவி படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் என் முழங்கையைத் தொட்டாள். மூடிக்கொண்டேன்.

"படம் கொஞ்சம் கலங்கலா இருக்குது," என்றாள் அவள்.

"அந்தக் காலத்து கேமரா அப்படித்தாங்கம்மா."

முகங்களெல்லாம் ஒரே திசையில் ஓர் இழை அளவு விலகியிருந்தன, எடுத்தவர் கை அசைந்தால் நேர்வதுபோல. அவள் கண்ணாடிக்கு மிக அருகில் போய் நின்றாள். தன் தம்பி ஸ்டூடியோவில் எடுத்த எந்தப் படமும் கலங்கியதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"இத எடுத்தது எந்தம்பி," என்றாள்.

"அந்த ரிப்போர்ட்டருங்களா?" அவர் முகம் மலர்ந்தது. உட்காரச் சொன்னார். தேநீருக்கு ஆளனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், ஒண்ணு கேக்கணும். இது பேப்பர்ல வந்துதுங்களா? எங்கப்பா சாவுற வரைக்கும் அதையேதான் கேட்டுக்கினு இருந்தாரு. எப்பவோ வந்திருக்கும், நாமதான் பாக்காம வுட்டுட்டோம்னு சொல்லுவாரு."

என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"வந்துச்சு," என்றேன். "மொதப் பக்கத்துல."

"பேரெல்லாம் போட்டிருந்தாங்களா?"

"போட்டிருந்தாங்க. எல்லார் பேரும். இடமிருந்து வலமா."